டேக்காதான் சோறு போடும்

தபலா படிக்க உட்காரும் பிள்ளை முதல் பத்து வருஷத்தில் மனப்பாடம் செய்வதில் பெரும்பங்கு, பிற்பாடு அதன் வயிற்றுப்பாட்டுக்கு நேரடியாக உதவுவதில்லை. பேஷ்கார், காய்தா, ரேலா, கத், துக்டா, சக்ரதார் என்று குருவின் வாயிலிருந்து வாங்கிச் சேர்ப்பதெல்லாம் தனி வாசிப்புக்கான சரக்கு. தொழிலுக்கு வந்துவிட்ட ஒரு தபலாக்காரரின் நாட்குறிப்பைப் புரட்டினால் சோலோ கச்சேரி அபூர்வமாகத்தான் தட்டுப்படும். மற்றதெல்லாம் பக்கவாத்தியம். கயால் பாடகர், டும்ரி பாடகி, சிதார், சரோட், பான்சுரி, கதக் வகுப்பு, பஜன், கஜல். அங்கெல்லாம் அவரிடம் முதலில் கேட்கப்படுவது டேக்கா. தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டை, நேரம் ஆடாமல், ஒலி மங்காமல், திரும்பத் திரும்ப வாசிப்பது.

நம்மூர்க் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படும். கர்நாடக மேடையில் பாடகர் தொடையில் தாளம் போடுகிறார். கணக்கைக் கை பார்த்துக்கொள்வதால் மிருதங்கக்காரர் கிருதியின் நெளிவு சுளிவோடு சுதந்திரமாகப் போகலாம். இந்துஸ்தானி மேடையில் பாடகர் அப்படிக் கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடும் வழக்கம் கிடையாது. எந்த மாத்திரையில் இருக்கிறோம், சம், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் மாத்திரை, எப்போது வரும் என்று பாடகருக்கும் சபைக்கும் சொல்வது டேக்காதான். தபலாக்காரர் நான்கு மாத்திரைக்கு எதையாவது கோத்து வாசித்தால், அந்த நான்கு மாத்திரைக்குத் தாளம் மேடையிலிருந்து காணாமல் போகிறது. பெரிய பாடகர்கள் ‘கைவேகம்’ உள்ளவரை விட்டுவிட்டு ‘டேக்கா நல்லா இருக்கும்’ என்று இன்னொருவரைக் கூப்பிடுவதற்கு இதுவே காரணம்.

தீன்தாலை எடுத்துக்கொள்வோம். 16 மாத்திரை, நான்கு நான்காக நான்கு பகுதி: தா தின் தின் தா, தா தின் தின் தா, தா தின் தின் நா, நா தின் தின் தா. புத்தகம் ஒன்பதாம் மாத்திரையைக் ‘காலி’ என்று சொல்லும், நம் வீச்சு மாதிரி. ஆனால் இடதுகைப் பாயான் காதில் நிற்பது பத்தாவது மாத்திரையில். ஒன்பதாவது தாவில் அது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. 10, 11, 12, 13 ஆகிய நான்கு மாத்திரைகளுக்கு, எழுத்தில் அதே ‘தின்’ என்றாலும், பாயானின் கும்கி முழக்கம் இல்லாமல் வலது கை மட்டும் பேசும். 14-இல் பாயான் திரும்பி வரும். அந்த வெறுமை தொடங்கியதும் பாடகருக்குத் தெரிகிறது: சம்முக்கு இன்னும் ஏழு மாத்திரை. பாயான் திரும்பியதும்: மூன்றே மாத்திரை. வாசிப்பவர் ஆர்வக்கோளாறில் 11-இல் ஒரு கும்கியை இழுத்துவிட்டால் அந்த அடையாளம் அழிந்துவிடும். சபையில் யாருக்கும் தெரியாது, பாடகருக்குத் தெரியும்.

இதைவிடக் கடினம் விளம்பித், அதாவது மெதுவேக, ஏக்தால். மாத்திரை 12 தான். ஆனால் இன்றைய கயால் மேடையில் ஒரு மாத்திரை நான்கு, ஐந்து விநாடி நீள்கிறது. ஒரு ஆவர்த்தனம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். உஸ்தாத் அமீர்கான் 14 மாத்திரை ஜூம்ராவை அதிவிளம்பத்தில் பாடிக் காட்டியதிலிருந்து இந்த மந்தகதிக்கு ஒரு கௌரவமே வந்துவிட்டது. ஏக்தால் டேக்கா இப்படிப் போகும்: தின், தின், தாகே, திரகிட, தூ, நா, கத், தா, தாகே, திரகிட, தின், நா. இதில் மூன்றும் நான்கும் ‘தாகே திரகிட’. ஒன்பதும் பத்தும் அதே ‘தாகே திரகிட’. ராகத்தில் மூழ்கி விஸ்தாரம் செய்துகொண்டிருக்கும் பாடகர் நடுவில் காதைத் தீட்டும்போது திரகிட விழுகிறது என்றால், அது எந்தத் திரகிட? அடுத்து ‘தூ நா’ வந்தால் நடு ஆவர்த்தனம், இன்னும் அரை நிமிஷம் இருக்கிறது. ‘தின் நா’ வந்தால், சம்முக்கு இட்டுச்செல்லும் பாட்டின் தொடக்கத் துண்டான முகடாவைப் பிடித்தாக வேண்டும். ஆக ஐந்தாவது மாத்திரைத் தூவும் பதினொன்றாவது மாத்திரைத் தின்னும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழ வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் நிரவல் வாசித்து அழகு காட்டும் இளைஞர்களை மறுமுறை யாரும் கூப்பிடுவதில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று சொல்வதுமில்லை.

மாத்திரைகளுக்கு இடையே உள்ள நாலைந்து விநாடியை எப்படி நிரப்புவது என்பது அடுத்த வித்தை. ஒவ்வொரு மாத்திரையையும் நான்காகப் பகுத்து, அந்தக் கால்பாகங்களில் மெல்லிய சொற்களை வைத்துக்கொண்டு போவார்கள். திரகிட என்ற மாத்திரையில் நான்கு அடி இருக்கிறது. ஒவ்வொன்றும் மிகச் சரியாகக் கால்பாகத்தில் விழ வேண்டும். கற்றுக்குட்டிகள் கை பழகிய வேகத்தில் அதைச் சற்றே முன்னால் முடித்துவிட்டு அடுத்த மாத்திரைக்குக் காத்து நிற்பார்கள். காத்து நிற்கப் பொறுமை இல்லாதவர் காத்து நிற்காமலே அடுத்த அடியைப் போட்டுவிடுவார். லயம் ஓடுவது பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 12 மாத்திரைக்கு 60 விநாடி என்று மெட்ரோனோமில் முதல் ஆவர்த்தனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிறகு அதை நிறுத்திவிட்டு, தம்பூரா மட்டும் ஒலிக்கப் பத்து ஆவர்த்தனம் வாசித்துப் பதிவு செய்யவும். பத்தாவது ஆவர்த்தனத்தின் நீளத்தை அளக்கவும். 55-க்குக் கீழே வந்துவிட்டால் கை ஓடுகிறது. 65-க்கு மேலே போனால் கவனம் தூங்குகிறது. பாடகரின் விருப்பப்படி வேகம் ஏறுவது வேறு விஷயம். தன்னையறியாமல் ஏறுவதுதான் நோய். காய்தாவை எட்டு மடங்கு வேகத்தில் வாசிக்கிறவர்களில் கணிசமானவர்கள் இந்தச் சோதனையில் தோற்பார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

வேகத்திலும் டேக்காவுக்குத் தனிப் பயிற்சி உண்டு. சிதாரோ சரோடோ ஜாலாவுக்கு, அதாவது அதிவேக மீட்டலுக்கு, போய்விட்டால் தீன்தாலை மெதுவேகத்து விரல் அமைப்பிலேயே வாசிக்க முடியாது. அடிகளைச் சுருக்கி, ஆள்காட்டி விரலின் அசைவைக் குறைத்து, ‘நா தின் தின் நா’ என்ற நான்கு சொல்லாகவே ஓட்ட வேண்டும். பனாரஸ் அனோகேலால் மிஸ்ராவின் புகழே இந்த நான்கு சொல்லில் இருந்தது. 1958-இல், ஐம்பதைத் தொடும் முன்பே போய்விட்டார். இன்றும் பனாரஸ் வீடுகளில் அந்த ‘நா தின் தின் நா’வைச் சொல்லி மாய்ந்து போவார்கள். தெளிவு போகாமல் வேகம், வேகம் போகாமல் நீடிப்பு, அதுவும் ஒரே ஒரு டேக்காவில்.

வாத்தியக் கச்சேரியில் தபலாக்காரரின் வேலை தொடங்குவதே தாமதமாகத்தான். ஆலாப், ஜோட், ஜாலா என்று தபலா இல்லாத பகுதிகளில் முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு சிதார்க்காரர் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மஸீத்கானி கத்தை, அதாவது தாளத்தில் அமைந்த மெதுவேக மெட்டை, எடுப்பார். இந்த வகை கத்தின் முகடா சம்மில் தொடங்காது, 12-ஆவது மாத்திரையில் தொடங்கும்; ஐந்து மாத்திரை கழித்து சம். அந்த ஐந்து மாத்திரைக்குள் லயத்தைப் பிடித்து, சம்மில் டேக்காவை வைக்க வேண்டும். இது பழகிவிடும். பழகாத சிக்கல் வேறு: அந்த முக்கால் மணி நேரத்தில் குளிர்சாதனக் காற்று தோலைக் காயவைத்து சுருதியை மேலே ஏற்றியிருக்கும். மேடைக்கு வருமுன் கச்சிதமாகச் சேர்த்த தபலாவின் முதல் ‘நா’, அத்தனை நேரம் நிலைநின்ற ஆலாபத்தின் மேல் அபஸ்வரமாக விழும். விவரம் தெரிந்தவர்கள் ஆலாப் முழுக்க வலதுகைத் தாயானைத் துணியால் மூடி வைப்பார்கள். ஜாலாவின் சத்தம் உச்சத்தில் இருக்கும்போது விரல் நுனியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் குனிந்து வைத்துக் கேட்டுக்கொள்வார்கள். வித்தியாசம் இருந்தால் ஜாலா முடிந்து கைதட்டல் எழும் அந்தச் சில விநாடிகளில் சுத்தியலை எடுத்து வேலையை முடித்துவிடுவார்கள்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதி அதுதான். தாயான் மரம், பெரும்பாலும் ஷீஷம். பாயான் செம்பு அல்லது பித்தளை. வாயில் இழுத்துக் கட்டியிருப்பது ஆட்டுத்தோல், பேர் பூரி. விளிம்போரம் ஒரு தோல் வளையம், அது கினார். நடுவில் கறுப்பு வட்டம், ஸ்யாஹி. நம் மிருதங்கத்தின் வலந்தலைச் சோறு போலத்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றுத்தோல் மைதான். பூரியைச் சுற்றிப் பின்னிய தடித்த தோல் மாலை கஜ்ரா. அதில் 16 இடத்தில் வார் நுழைந்து கீழே இறங்குகிறது. வாருக்கும் மரத்துக்கும் நடுவில் எட்டு உருளைக் கட்டைகள், அவை கட்டா. பாயானில் ஸ்யாஹி மையத்தில் இராது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். மணிக்கட்டின் அடிப்பாகம் அழுத்தித் தேய்க்க இடம் வேண்டுமே. நம் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி, கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுப்பது போல இங்கே இல்லை. பாயானின் ஸ்யாஹி நிரந்தரம்.

ஸ்யாஹி என்பது இரும்புத்தூளும் மாவுப்பசையும் கலந்த கலவை. மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் விழும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். வெடிப்பு இருந்தால்தான் தோல் அசையும், ஒலி நிற்கும். துண்டு பெயர்ந்து விழ ஆரம்பித்தால்தான் கவலை, ஜிர்ரென்று ஒரு இரைச்சல் சேர்ந்துவிடும். வெறும் வட்டத்தோலைத் தட்டினால் அதில் எழும் மேலொலிகள் முழுஎண் விகிதத்தில் இருக்காது, அதனால் பறையிலோ தவிலிலோ ‘இதுதான் ஸ்வரம்’ என்று சுட்ட முடிவதில்லை. ஸ்யாஹியின் பாரம் அந்த மேலொலிகளைச் சரியான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு இதைப் பற்றியதுதான். சுருதியோடு முழுசாக இழையும் தோல்வாத்தியம் என்பதால்தான் தபலா சுருதி தப்பினால் இத்தனை உறுத்துகிறது.

சேர்க்கும் முறை: முதலில் மொத்தச் சுருதியையும் பார்க்கவும். அரை ஸ்வரம் அல்லது அதற்கு மேல் விலகியிருந்தால் கட்டாக்களைத் தட்டவும், கீழே இறக்கினால் சுருதி ஏறும். எட்டையும் சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அடுத்தது கஜ்ரா. ஒரு இடத்தை ஸட்ஜத்தில் சேர்த்துக்கொண்டு, நேர் எதிரில் உள்ளதைச் சேர்க்கவும். பிறகு இவற்றுக்குக் குறுக்கே உள்ள இரண்டு, அப்புறம் நடுவில் உள்ளவை. மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். சுத்தியல் கஜ்ராவின் மேல் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து கினார் பக்கம் பட்டால் தோல் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். பூரி எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் இல்லையென்றால் ஒரு மூலை மட்டும் எவ்வளவு சேர்த்தாலும் பத்து நிமிஷத்தில் நழுவும். அப்படிப்பட்ட பூரியோடு போராடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது.

ஒரு தபலாவை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. வாயின் அகலம் சுருதியைத் தீர்மானிக்கிறது. ஐந்தரை அங்குலத் தாயான் ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டை ஒன்றுக்கு, அதாவது நம்மூர்க் கணக்கில் ஒன்றரைக் கட்டைக்கு, இயல்பாக நிற்கும். ஆறு அங்குலத்தைத் தாண்டினால் கறுப்பு ஐந்து, கறுப்பு நாலு என்று கீழே போகலாம். ஐந்து அங்குலம் வெள்ளை மூன்றின் பக்கம் நிற்கும். சிதார் பெரும்பாலும் கறுப்பு ஒன்றின் அக்கம்பக்கம், பெரிய பான்சுரி வெள்ளை மூன்று. ஆண் பாடகர்கள் வெள்ளை ஒன்றிலிருந்து வெள்ளை இரண்டு வரை. பாடகிகள் கறுப்பு நாலு, கறுப்பு ஐந்து. அவர்களுக்குப் பெரிய வாய்த் தபலாவை ஸட்ஜத்தில் சேர்ப்பார்கள், அல்லது ராகத்தைப் பார்த்து மத்யமத்திலோ பஞ்சமத்திலோ சிறியதைச் சேர்ப்பார்கள். பஞ்சமம் இல்லாத மால்கௌன்ஸ் ராகத்துக்குப் பஞ்சமத்தில் சேர்த்த தபலாவோடு போய் உட்கார்ந்தால் பாடகி பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. ஒரு தாயானை அரை ஸ்வரம் ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் ஒலி நெரிபட்டுக் கினார் கிழியும், இறக்கினால் தொளதொளத்து நாதம் செத்துவிடும். ஆக, தாயான் குறைந்தது மூன்று நான்கு, பாயான் இரண்டு.

ஷீஷம் தாயான் ஒன்று நாலைந்து கிலோ இருக்கும். ரயிலில் பிரச்சினை இல்லை. விமானத்தில் போகும்போது சுத்தியலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். சரக்கில் போகும் பெட்டியில்தான் போட வேண்டும். பெட்டி வந்து சேரவில்லையென்றால் சுத்தியலும் இல்லை, தபலாவும் இல்லை, ஆகவே ஊரில் ஒருவரிடமாவது இரவல் வாங்கும் பழக்கம் வேண்டும். மழைக்காலத்தில், முக்கியமாக மும்பை, புனே, கல்கத்தாவில், தோல் ஈரத்தைக் குடித்துச் சுருதி இறங்கிக்கொண்டே போகும். அரங்கத்துக்கு முன்னதாகவே போய், பையைத் திறந்து அரை மணி நேரம் அங்குள்ள காற்றில் வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பதுதான் உத்தமம். கை வியர்வைக்கு முகப்பவுடர் போடுவார்கள். கொஞ்சம் போதும். அள்ளிப் பூசினால் ஸ்யாஹியின் வெடிப்புகளில் போய் அடைத்து ஒலியை மந்தமாக்கும்.

இனி மேடை ஒழுக்கம். பாடகர் முகடாவைப் பாடி சம்முக்கு வரும்போது கூடவே ஒரு சின்ன திஹாயியை வைத்து இறங்குவது அழகு. ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் வைத்தால் தொல்லை. திஹாயி என்பது ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து சம்மில் முடிவது, நம் தீர்மானம் மாதிரி. ஆரம்ப மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது ‘தேடே கத கதி கென தா’. ஐந்து மாத்திரை, கடைசி தாவோடு சேர்த்து. நடுவில் ஒரு மாத்திரை மூச்சு. 5, 1, 5, 1, 5: கூட்டினால் 17. பதினேழாவது மாத்திரை அடுத்த சம். சம்மில் தொடங்கி சம்மில் இறங்கியாயிற்று. கணக்கு இவ்வளவு சுலபம்தான். பாடகர் 14-ஆவது மாத்திரையில் திடீரென்று மூச்சை நிறுத்திக்கொண்டு தபலாவுக்கு இடம் விட்டால், மிச்சமிருக்கும் மூன்று மாத்திரைக்குள் எதை வைப்பது என்று விரல் தானாக முடிவெடுக்க வேண்டும். அங்கேதான் மனப்பாடம் செய்த சோலோ சரக்கு முழுசும் வேலைக்கு வருகிறது. பெரிய சொற்கட்டாக வராது. அதிலிருந்து உடைத்தெடுத்த துண்டாக வரும்.

டும்ரியில் ஒழுக்கமே தலைகீழ். 14 மாத்திரை தீப்சந்தியில் அடக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, கடைசியில் கஹர்வாவுக்குத் தாவும். பாடகி ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தபலா லக்கியில், அதாவது துள்ளலான சின்னச் சொற்கட்டுகளில், பொரிந்து தள்ளலாம். சில நிமிஷம்தான். பிறகு ஒரு திஹாயி வைத்துப் பழைய நிதானத்துக்குத் திரும்ப வேண்டும். பழைய வேகத்தை மறந்து எங்கேயோ போய் இறங்குவது இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

இந்தப் பிழைப்பின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. முராதாபாத்தில் பிறந்து பம்பாயில் முனீர்கானிடம் படித்த அஹ்மத்ஜான் திரக்வா, பால கந்தர்வரின் மராத்தி நாடகக் கம்பெனியில் வாசித்தார். பின் ராம்பூர் நவாப் தர்பார். சமஸ்தானங்கள் போன பிறகு லக்னோவின் பாத்கண்டே கல்லூரியில் ஆசிரியர். நாடகம், அரண்மனை, கல்லூரி என்று இருபதாம் நூற்றாண்டின் மூன்று எஜமானர்களையும் ஒரே ஆயுளில் பார்த்துவிட்டு 1976-இல் மறைந்தார். அல்லாரக்கா லாகூரிலும் பம்பாயிலும் வானொலியில் இருந்தார், ஏ.ஆர். குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தார், பிறகு ரவிசங்கரோடு சேர்ந்து அமெரிக்க இசைவிழாக்களான மாண்டரேயில் 1967-இலும் உட்ஸ்டாக்கில் 1969-இலும் வாசித்தார். அவர்களுக்கு முன்பே 1955-இல் அலி அக்பர்கானோடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வாசித்தவர் உதய்பூர் சதுர்லால். நாற்பது வயதில், 1965-இல், இறந்துபோனதால் அவர் பெயர் இன்று பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

அல்லாரக்காவின் மகன் ஜாகிர் உசேன் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவில் வாசித்ததும், 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கியதும், அந்த டிசம்பரிலேயே போய்விட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரைப் பார்த்துத் தபலாவுக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அவரும் இளம் வயதில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டேக்கா வாசித்து வாசித்தே வந்தவர் என்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. காணொளியில் பரவுவது குதிரை ஓடும் சத்தமும் டமரு சத்தமும்தானே.

சரி, இன்று ஒருவர் எப்படி உள்ளே வருகிறார்? எட்டு வயதுக்குள் குரு, அது இன்னும் மாறவில்லை. டில்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என்ற ஆறு கரானாக்களில், அதாவது வாசிப்புப் பரம்பரைகளில், ஒன்றில் கை படிய வேண்டும். டில்லிக் கை கினாரிலேயே இரண்டு விரலால் பேசும். லக்னோ, பனாரஸ் கை மைதானத்துக்குத் திறந்து முழங்கும். கயாலுக்கு முதலாவது பாந்தம், கதக்குக்கு இரண்டாவது. ஆகவே கரானா என்பது பெருமைப் பட்டயம் என்பதோடு, யார் உங்களைக் கூப்பிடுவார்கள் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது. தேர்வுகளில் காந்தர்வ மகாவித்யாலய மண்டலின் விஷாரத், அலங்கார் ஆகியவை பள்ளிகளில் வேலைக்கு உதவும். கல்லூரி வேலைக்கு முதுகலையும் நெட் தேர்வும் வேண்டும். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை தருகிறது. வாடகைக்குக் காணாது, பூரி மாற்றக் காணும். அகில இந்திய வானொலியின் தரவரிசை, அதாவது பி, பி-ஹை, ஏ, டாப், இன்றும் சபாக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒன்று.

காசுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து நான் யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வது கதக் வகுப்பு. மணிக்கணக்குக்குக் கூலி. ஒரே தத்காரை, அதாவது காலடி ஜதியை, முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும், நடுவில் ஆசிரியர் வாயால் ஒரு துக்டாவைச் சொல்லுவார், அதை ஒரு முறை கேட்டே திருப்பி வாசிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். அதில் மூன்று வருஷம் இருந்தவருக்குக் காதும் கையும் ஒட்டிக்கொண்டுவிடும். கதக்கில் மட்டுமே தங்கிவிட்டால் கை தடித்து, கயாலின் மென்மை போய்விடும் என்று ஒரு பயமும் உண்டு, அது நியாயமான பயம். சென்னையில் இருப்பவர்களுக்கு அபங், நாமசங்கீர்த்தன மேடைகள் இருக்கின்றன. மார்கழியில் அங்கே தபலாவுக்கு நல்ல கிராக்கி. வருமானம் வரும், விளம்பித் ஏக்தால் வராது.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் குறுகலானது. ஆபான் மிஸ்திரி, அனுராதா பால் போன்றவர்கள் பெயர் வாங்கியது பெரும்பாலும் சோலோவில். இரவு ரயிலில் சேர்ந்து பயணம் செய்ய வேண்டியிருக்கிறது என்ற சாக்கில் பிரதான கலைஞர்கள் பக்கவாத்தியத்துக்குப் பெண்களைக் கூப்பிடத் தயங்குவார்கள், இன்றும். திறமையை யாரும் குறை சொல்வதில்லை.

உடம்பு பற்றி ஒரு வார்த்தை. ஆள்காட்டி விரல் நுனி பிளப்பதும் மணிக்கட்டு அடியில் காய்ப்புக் காய்ப்பதும் சாதாரணம், ஆறிவிடும். ஆறாதது மணிக்கட்டு நரம்பு வலி. நாற்பது நாள் சில்லா என்ற தவப்பயிற்சி இருக்கிறேன் என்று ஒரேயடியாகப் பத்து மணி நேரம் வாசிக்கும் பையன்களுக்கு இது வருகிறது. முதல் இருபது நிமிஷம் ‘தே டே’ இரண்டு அடியையும் ஒரே ஒலியில் மெதுவாக வாசித்துக் கையைச் சூடாக்கிவிட்டுத்தான் வேகத்துக்குப் போக வேண்டும். தோள் உயர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். மூன்று மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவதில் முழங்காலும் இடுப்பும் தேயும். நாற்பது வயதுக்கு மேல் தபலாக்காரர்கள் சந்தித்தால் கரானாவைவிட முதுகுவலியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

பக்கவாத்தியத்துக்கான அழைப்பு சபாவிலிருந்து வருவது குறைவு, பிரதான கலைஞரிடமிருந்துதான் வரும். தொகையும் பல நேரம் அவர் சொல்வதுதான். அதனால் ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுத் தெளிய வேண்டிய சில உண்டு: சுருதி என்ன, எந்தத் தாளங்கள், வண்டிச் செலவு யாருடையது, பதிவு செய்து வலையில் ஏற்றுவார்களா, சுவரொட்டியில் பெயர் வருமா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் போடுகிறார்கள், பெரும்பாலும் சின்ன எழுத்தில்.

சோலோ வாய்ப்பு எப்போதாவது வரும். அப்போது தேட வேண்டிய முதல் ஆள் லெஹ்ரா வாசிப்பவர், ஹார்மோனியமோ சாரங்கியோ. பதினாறு மாத்திரைக்கு ஒரு சின்ன மெட்டு, அதையே ஒரு மணி நேரம், வேகம் ஓடாமல், சங்கதி போடாமல் வாசிக்க வேண்டும். தபலா எவ்வளவு குறுக்கே வெட்டினாலும் அவர் அசையக் கூடாது. நல்ல லெஹ்ராக்காரர்கள் எந்த ஊரிலும் மிகச் சிலரே; சபா தேதியை உறுதி செய்யும் முன்பே அவர் அன்றைக்குச் சும்மா இருக்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். எவ்வளவு என்று சொல்வதும் இந்த முறை நீங்கள்தான்.